வேரும் முத்திரையும்

ஒரு பொருளுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர், அப்பொருளின் இயல்பைச் சொல்வதிலும் பார்க்க, அது வந்த வழியையே பெரும்பாலும் சொல்லி நிற்கின்றது. நாட்டு மருந்துச் சரக்குக் கடைகளிலே பறங்கிச்சக்கை என்றொரு கிழங்கு விற்கப்படுகின்றது. அது பறங்கியர் நாட்டிலே விளைந்ததன்று, சீனத்துச் சரக்கு. 16ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கைவழியாக இந்தியக் கரையோரங்களிலே பரவியமையால் அப்பெயரைப் பெற்றது. கொண்டுவந்து விற்றவனின் பெயர் நிலைத்தது. தோண்டி எடுத்தவனின் நாடு மறைந்தது.

அதே கடையிலே இரேவற்சின்னி என்னும் மற்றொரு வேரும் உண்டு. 'ரேவந்த்-இ-சீனி' என்ற பாரசீகத் தொடரின் தமிழ் வடிவமே இது. சீனத்து ரேவந்து என்பது அதன் பொருள். இப்பெயரேனும் பிறந்த நாட்டைச் சொல்கின்றதே என்று நாம் மகிழ்வதற்கில்லை. இந்தியச் சந்தைகளிலே இப்பெயரால் விற்கப்படுவது பெரும்பாலும் இமயமலைச் சரிவுகளில் வளரும் வேறோர் இனத்தின் வேராகும். இன்னும் ஒன்று: யூனானி மருத்துவர்கள் 'உசாரே ரேவந்த்' என வழங்கும் சரக்கின் பெயருக்கு 'ரேவந்தின் சாறு' என்பதே நேர்ப்பொருள். ஆனால், அது இந்தச் செடியோடு எவ்வித உறவுமற்ற ஒரு மரத்தின் மஞ்சட் பிசினாகும். ஒரு பெயர் வணிகனைச் சுட்டுகின்றது. ஒரு பெயர் நாட்டைச் சுட்டி வேற்று நாட்டுச் சரக்கைத் தருகின்றது. ஒரு பெயர் முற்றிலும் வேறான பொருளையே தருகின்றது.

இந்த வேர் எங்கிருந்து வந்தது? இது மெய்யான சரக்குத்தானா? மேலோட்டமாக நோக்குவோருக்கு இவை வணிகரின் வினாக்களாகத் தோன்றலாம். ஆயின், மருந்தை உட்கொள்ளும் நோயாளிக்கு இவை உயிர்நிலையான வினாக்கள். இவ்வினாக்களுக்கு விடை கூறும் ஆற்றல் ஒவ்வொரு காலத்திலும் யாருடைய கையிலே இருந்தது, அவ்வாற்றல் யாருடைய நன்மைக்காகப் பயன்பட்டது என்று ஆராயும்போது, மருந்தின் வரலாறு சமுதாய வரலாறாக விரிவதைக் காண்கின்றோம். இரேவற்சின்னியின் கதை அதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

மலையும் சந்தையும்

சீனத்தின் மேற்குப் புறத்திலே கான்சு, சிங்ஹாய், செச்சுவான் ஆகிய பகுதிகளிலும், திபெத்தின் கிழக்கு விளிம்பிலும் உயர்ந்த மலைச்சரிவுகளில் வளரும் பெருஞ்செடி இது. அகன்ற இலைகளும் ஆளுயரத்துக்கு மேலாக எழும் பூந்தண்டும் உடையது. சில ஆண்டுகள் முதிர்ந்த செடியின் கிழங்கையும் வேரையும் தோண்டி, புறத்தோலைச் சீவி, துண்டுகளாக வெட்டி, துளையிட்டுக் கயிற்றிலே கோத்துக் காற்றில் உலர்த்துவர். சீனர் இதனை 'தா ஹுவாங்', அதாவது 'பெருமஞ்சள்' என்று அழைத்தனர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சென் நோங் மருந்து நூலிலேயே இதன் பெயர் காணப்படுகின்றது. வயிற்றைக் கழுவி, அதன் பின்னர் இறுக்கும் இரட்டைக் குணம் இதற்கு உண்டு. கடுமையற்ற பேதி மருந்தாக ஐரோப்பிய மருத்துவர் பல நூற்றாண்டுகள் இதனை நாடியதற்கு அதுவே காரணம்.

நல்ல சரக்கை அறியும் அடையாளங்களைக் கையாண்டு பழகியோர் வகுத்திருந்தனர். வெட்டு முகத்திலே மஞ்சள் நிறத்தின்மேல் சிவந்த நரம்போட்டம் இருத்தல் வேண்டும். விண்மீன் வடிவான புள்ளிகள் தெரிதல் வேண்டும். மென்றால் மணல் நெருநெருப்பதுபோற் பல்லில் உணரப்படும்; உமிழ்நீர் மஞ்சளாகும். அந்த நெருநெருப்பு வேரினுள்ளே இருக்கும் கல்சியம் ஒட்சலேற்றுப் படிகங்களால் உண்டாவது என்பதைப் பிற்கால விஞ்ஞானம் விளக்கிற்று. விளக்கம் பின்னே வந்தது. பல்லும் நாவும் மூக்கும் கண்டறிந்த உண்மை முன்னரே இருந்தது. உழைப்போரின் புலனறிவு இத்துறையின் முதல் ஆய்வுகூடம் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால், அவ்வறிவு மலையிலிருந்து சந்தைக்கு இறங்கும்போது வழியிலே தேய்ந்து போயிற்று. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே கிரேக்க மருத்துவர் தியோஸ்கொரிதீஸ் 'ரா' என்னும் வேரைப் பற்றி எழுதுகையில், அது போஸ்பரஸ் நீரிணைக்கு அப்பாலுள்ள நாடுகளிலிருந்து வருவதாகவே கூற முடிந்தது. கருங்கடலாகிய பொந்தஸ் வழியாக வந்தது 'ரா பொந்திக்கம்' ஆயிற்று. அதற்கும் அப்பால், அயலார் நாட்டிலிருந்து வந்தது 'ரா பார்பரம்' ஆயிற்று. இவ்விரண்டும் ஒரே செடியின் வேர்களல்ல. எனினும், பெயரின் ஒற்றுமை இரண்டையும் ஒரே பெட்டியிலே சேர்த்துவிட்டது. பின்வந்த நூற்றாண்டுகளின் குழப்பத்துக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

அரபு மருத்துவர் இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்றனர். 12ஆம் நூற்றாண்டிலே சலாகுத்தீனின் மருத்துவராக விளங்கிய இப்னு ஜுமை இவ்வேரைப் பற்றித் தனி நூலே இயற்றினார். சீனத்து வகையை உயர்ந்ததாகவும், துருக்கிய, குராசானிய வகைகளைத் தாழ்ந்தனவாகவும் அக்கால மருத்துவர் பிரித்தனர். தாழ்ந்த வகை கால்நடை மருத்துவருக்கே உரியது என்று ஒதுக்கினர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே மார்க்கோ போலோ, தங்குத் நாட்டின் சுச்சோ மலைகளில் இவ்வேர் மிகுதியாகக் கிடைப்பதையும், வணிகர் அதனை வாங்கி உலகெங்கும் கொண்டு செல்வதையும் குறித்து வைத்தார். வேரின் தாயகத்தை ஐரோப்பா அறிந்து கொள்வதற்கு அந்தக் குறிப்பே போதுமானதாயிருந்தது. ஆயினும், அடுத்த அறுநூறு ஆண்டுகளுக்கு அவ்வறிவு பயன்படவில்லை. 1559இல் வெனிஸ் நகரில் வெளியான ரமூசியோவின் பயண நூற்றொகுதியிலே, ஹஜ்ஜி முகம்மது என்ற பாரசீக வணிகர் சொன்ன விவரம் இடம்பெற்றது. வேரைத் தோண்டுவதும், வெட்டுவதும், சாறு வடிந்து போகாதபடி புரட்டிப் புரட்டி வைப்பதும், பின் கயிற்றிலே கோத்துத் தொங்கவிடுவதும் அதிலே கூறப்பட்டன. தோண்டியவரின் சொல் வணிகரின் வாய்வழி வந்து, நூலாசிரியரின் எழுதுகோலை அடைந்தது. நேரே வந்த சொல் ஒன்றேனும் இல்லை.

எல்லையிலே ஒரு தராசு

ஐரோப்பியச் சந்தையிலே ஒரே வேர் மூன்று பெயர்களால் விற்கப்பட்டது. மேற்காசியத் துறைமுகங்களின் வழியாக வந்தது 'துருக்கி ரூபார்ப்' எனப்பட்டது. சைபீரியா வழியாக வந்தது 'ருஷ்ய ரூபார்ப்'. கன்ரன் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்தது 'கிழக்கிந்திய ரூபார்ப்'. துருக்கியிலோ ருஷ்யாவிலோ கிழக்கிந்தியத் தீவுகளிலோ இவ்வேர் விளையவில்லை. மூன்று பெயர்களும் மூன்று சுங்கச் சாவடிகளின் பெயர்களே.

இவற்றுள் ருஷ்ய வழியின் வரலாறே நமது பொருளுக்கு மிக நெருங்கியது. 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஸார் அரசாங்கம் இவ்வேரின் பெறுமதியை உணர்ந்துகொண்டது. 1657இல் தனியார் இவ்வணிகத்தில் ஈடுபடுவது மரண தண்டனைக்குரிய குற்றமாக விதிக்கப்பட்டது. ஒரு பேதி மருந்துக்காக உயிரைப் பறிக்கும் சட்டம் இயற்றப்பட்டது என்றால், அந்த வேரிலே அரசு கண்டது மருந்தையன்று, பொன்னையே என்பது வெளிப்படை.

1727ஆம் ஆண்டின் கியாக்தா உடன்படிக்கையின் பின்னர், ருஷ்யாவும் சீனமும் சந்திக்கும் எல்லையிலே கியாக்தா என்னும் வணிகப் பட்டினம் எழுந்தது. எதிர்ப்புறத்திலே சீனரின் ஊர். அதன் பெயர் மைமாய்ச்செங். 'வாங்கலும் விற்றலும் நிகழும் ஊர்' என்பது அப்பெயரின் பொருள். மத்திய ஆசியாவின் புகாரா வணிகர் ஒட்டகங்களிலே வேரை அங்கு கொண்டுவந்து, ஒப்பந்தப்படி ருஷ்ய அரசுக்குக் கொடுத்தனர். அங்கே அரசு ஒரு பரிசோதனை நிலையத்தை நிறுவிற்று. பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து அனுப்பப்பட்ட மருந்தாளர் ஒருவர் அந்நிலையத்தில் இருந்தார்.

அவர்களது பரிசோதனையின் கண்டிப்பை அக்கால எழுத்தாளர் பலரும் வியந்து கூறியுள்ளனர். மூட்டையை மேலோட்டமாகப் பார்த்து விலை பேசும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. ஒவ்வொரு துண்டும் தனித்தனியே எடுத்துப் பார்க்கப்பட்டது. புறத்திலே அழகாயிருந்து அகத்திலே உளுத்துப்போன துண்டைக் கண்டுபிடிப்பதற்காக, நடுப்பகுதி வரை துளையிட்டு நோக்கினர். லண்டன் மருந்துக் கடைக்காரர் அத்துளையையே ருஷ்யச் சரக்கின் அடையாளமாகக் கொண்டனர். பழுதான பகுதிகளைச் சீவி எறியும் பொறுப்பு வணிகருடையது. தேறாத துண்டுகள் திரும்பக் கொடுக்கப்படவில்லை, எரிக்கப்பட்டன. வேறு வழியாக அவை சந்தைக்குள் நுழைதலாகாது என்பதே அதன் நோக்கம். தேறியவை பெட்டிகளிலே அடைக்கப்பட்டு, தோல் போர்த்து, கீல் பூசி, சைபீரியாவின் நெடுந்தூரத்தைக் கடந்து சென்றன.

இதனைப் பாராட்டாமல் இருக்க முடியாது. மருந்தின் தரத்தைக் காக்க ஓர் அரசு இத்துணைப் பாடுபட்டமை அக்காலத்திலே அரிய செயலே. ஆனால், பாராட்டோடு நின்றுவிடுதல் வரலாற்று நோக்காகாது. யாருக்காக இந்தப் பரிசோதனை என்று நாம் கேட்டல் வேண்டும். சைபீரியக் குடியானவனின் வயிற்றுநோயைத் தீர்ப்பதற்காக அத்துளைகள் இடப்படவில்லை. அம்ஸ்ரடாமிலும் லண்டனிலும் மிக உயர்ந்த விலையைப் பெறுவதற்காகவே இடப்பட்டன. தரம் என்பது இங்கே ஏகபோகத்தின் ஆயுதம். ருஷ்ய முத்திரை பெற்ற வேர் சிறந்தது என்ற பெயர் பரவப் பரவ, அரசின் கருவூலம் நிறைந்தது. நோயாளி கொடுக்கவேண்டிய விலையும் உயர்ந்தது.

இந்த ஏகபோகத்தின் மறுபுறத்திலும் அரசியலே நின்றது. எல்லைத் தகராறுகள் எழுந்தபோதெல்லாம் சீனப் பேரரசு கியாக்தா வணிகத்தை நிறுத்திற்று. 1785 முதல் 1792 வரை அது முற்றாக மூடப்பட்டிருந்தது. அக்காலத்திலே, 1789இல், கன்ரன் வழியாகவும் இவ்வேர் வெளியேறலாகாது எனப் பேரரசர் சியென்லுங் தடை விதித்தார். இவ்வேர் இல்லாமல் அந்நியர் உயிர்வாழ முடியாது என்ற நம்பிக்கை சீன அதிகாரிகளிடையே வேரூன்றியிருந்தது. 1839இல் அபின் வணிகத்தை எதிர்த்து நின்ற லின் சேஷுவும் பிரித்தானிய அரசிக்கு எழுதிய கடிதத்திலே தேயிலையையும் இவ்வேரையும் குறிப்பிட்டு, இவை கிடைக்காவிடில் அந்நியரின் நிலை என்னவாகும் என்ற கருத்தை முன்வைத்தார். வாங்குவோர் வேரின் பிறப்பிடத்தை அறியவில்லை. விற்போர் வாங்குவோரின் வாழ்க்கையை அறியவில்லை. இடையிலே நின்ற வணிகம் இருபக்கத்து அறியாமையாலும் கொழுத்தது.

முத்திரை சொல்லாத செய்தி

கியாக்தாவின் முத்திரை வேரின் தரத்தைச் சொல்லிற்று. அது எந்தச் செடியின் வேர், எந்த மலையிலே பிறந்தது என்று சொல்லவில்லை. சொல்ல அதனால் இயலவும் இல்லை. உலகிலேயே மிகக் கண்டிப்பான அந்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தோர், தாம் நாள்தோறும் கையில் எடுத்து நோக்கிய வேரின் இலையை ஒருபோதும் கண்டதில்லை. இந்த வரலாற்றின் மையமான முரண்பாடு இதுவே.

18ஆம் நூற்றாண்டின் தாவரவியலாளர் இம்முரண்பாட்டைத் தீர்க்க முயன்றனர். லின்னேயஸ் 1753இல் ஓர் இனத்துக்கு 'ரேயும் ரபார்பரம்' என்று பெயர் சூட்டினார். மெய்யான வேர் அதுவன்று என்ற ஐயம் எழுந்தது. பீற்றர்ஸ்பேர்க்குக்கு வந்த விதைகளிலிருந்து கைவிரல்போற் பிளந்த இலையுடைய செடி முளைத்தது. அதற்கு 1759இல் 'ரேயும் பால்மேட்டம்' என்று பெயரிட்டார். ருஷ்ய அரசுக்குச் சேவை செய்த இயற்கை விஞ்ஞானி பல்லாஸ் 1772இல் கியாக்தாவுக்குச் சென்றபோது, புகாரா வணிகரிடம் செடியைப் பற்றி விசாரித்தார். அவர்கள் கூறிய இலையோ வட்டமானது, விளிம்பிலே வெட்டுக்கள் உடையது. பால்மேட்டத்தின் இலை அவர்களுக்குத் தெரிந்ததாகவே இல்லை. எனவே மெய்யான செடி வேறொன்றாகலாம் எனப் பல்லாஸ் கருதினார். வணிகர் வேண்டுமென்றே மறைத்தனரா, அன்றி அவர்களும் செடியைக் கண்டதில்லையா என்பது ஒருபுறம் கிடக்கட்டும். இரண்டில் எது உண்மையாயினும் முடிவு ஒன்றே: மலையை அறிந்தவன் அந்த உரையாடலிலே இடம்பெறவில்லை.

பிரித்தானியர் வேறு வழியை நாடினர். ருஷ்ய அரசவையில் மருத்துவராயிருந்த ஸ்கொட்லாந்தினர் ஜேம்ஸ் மௌன்சி, 1762இல் நாடு திரும்பியபோது பால்மேட்டத்தின் விதைகளைக் கொண்டுவந்தார். எடின்பரோத் தாவரவியற் பூங்காவிலே ஜோன் ஹோப் அவற்றை வளர்த்து, 1760களிலே அறிக்கை வெளியிட்டார். உள்நாட்டிலே இவ்வேரைப் பயிரிடுவோருக்கு லண்டன் கலைக் கழகம் பதக்கங்கள் வழங்கிற்று. அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தும் நோக்கம் இதிலே தெளிவாகத் தெரிகின்றது. ஆனால், மலைநாட்டு வேரின் வீரியத்தைச் சமவெளிப் பயிரிலே பெறுவது எளிதாயிருக்கவில்லை. ஒக்ஸ்போட் மாகாணத்தின் பான்பரியிலே பெருமளவிற் பயிரிடப்பட்டதோ பழைய 'ரா பொந்திக்கம்' இனமேயாகும்.

அந்த ஆங்கில வேருக்கு நேர்ந்த கதை எவ்வளவோ பொருள் பொதிந்தது. தன் சொந்தப் பெயரில் அதற்கு மதிப்பில்லை. எனவே, துருக்கியர்போல வேடமணிந்தோர் அதனைத் 'துருக்கி ரூபார்ப்' என்று கூறி லண்டன் வீதிகளிலே விற்றனர். சீனத்து வேருக்குத் துருக்கிப் பெயர் இட்டது முதற் பொய். ஆங்கில வேருக்கு அப்பெயரை இட்டது இரண்டாம் பொய். விற்பவன் அணிந்த தலைப்பாகை மூன்றாம் பொய். ஆனால், அந்தத் தெருவோர விற்பனையாளன் மீது மட்டும் பழியைச் சுமத்துவது நேர்மையாகாது. விலை உயர்த்தப்பட்ட இடத்திலேதான் போலி பிறக்கின்றது. முத்திரையிட்ட வேரை வாங்க வசதியற்ற தொழிலாளிக்கு, வேடமணிந்தவனின் கூடையே மருந்தகமாயிற்று.

மெய்யான செடியை ஐரோப்பியர் அதன் தாயகத்திலே கண்டது 1870களிலேதான். ருஷ்யப் பயணி பிரெஷவால்ஸ்கி, 1870 முதல் 1873 வரை நிகழ்த்திய பயணத்தின்போது, கான்சு மலைகளிலே பால்மேட்டச் செடியையும் அதன் வேர் எடுக்கப்படுவதையும் நேரிற் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில், சீனத்திலிருந்து பிரான்சுக்கு அனுப்பப்பட்ட செடியைக் கொண்டு, 1872இல் பையோன் 'ரேயும் ஒபிசினாலே' என்னும் மற்றொரு இனத்தை விவரித்தார். பல்லாஸும் லின்னேயஸும் ஒரே செடியைத் தேடினர்; சந்தைக்கு வந்ததோ ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களின் வேர். மார்க்கோ போலோ பெயர் சொன்ன மலைநாட்டை அடைய அறிவியலுக்கு அறுநூறு ஆண்டுகள் சென்றன. அந்த அறுநூறு ஆண்டுகளிலும் தங்குத், திபெத்திய, சீன மலைவாழ் மக்கள் ஆண்டுதோறும் அச்செடியைத் தோண்டிக்கொண்டேயிருந்தனர். அவர்களுக்கு அது இரகசியமாக இருந்ததில்லை.

இதற்கிடையில் கியாக்தா நிலையத்தின் கதை முடிந்துவிட்டது. 1782இல் அரசின் ஏகபோகம் கைவிடப்பட்டது. பரிசோதனை மட்டும் நீடித்தது. அபின் யுத்தத்தின் பின்னர், 1842 முதலாகச் சீனத் துறைமுகங்கள் பலாத்காரமாகத் திறக்கப்பட்டபோது, கடல்வழிச் சரக்கு மலிவாக வந்து குவிந்தது. நெடுந்தரை வழியும் கடும் பரிசோதனையும் ஏற்றிய விலைக்கு இனி வாங்குவோர் இல்லை. 1863இல் பரிசோதனை நிலையமும் மூடப்பட்டது. வேர் மாறவில்லை, நோய் மாறவில்லை, நோயாளிக்கு நல்ல மருந்து வேண்டும் என்ற நிலையும் மாறவில்லை. மாறியது இலாபக் கணக்கு ஒன்றே. அதனோடு பரிசோதனையும் போயிற்று. இலாபத்தின் தோளிலே ஏறி வந்த தரம், இலாபம் இறங்கிய இடத்திலே தானும் இறங்கிவிட்டது.

தூளும் நுணுக்குக்காட்டியும்

வேர் துண்டாக இருக்கும்வரை கண்ணும் நாவும் காவல் நின்றன. அது தூளாக்கப்பட்டபோது விண்மீன் புள்ளிகள் மறைந்தன. மட்டமான வேரின் தூளிலே மஞ்சள் தூளைச் சேர்த்தால் நிறம் வந்துவிடுகின்றது. மாவைச் சேர்த்தால் எடை கூடிவிடுகின்றது. முதலாளித்துவ உற்பத்தி வளர்ந்து, மருந்து பெரிய ஆலைகளிலே அரைக்கப்பட்ட காலத்திலே, நுகர்வோனுக்கும் செடிக்கும் இடையே இருந்த கடைசிக் கயிறும் அறுந்தது.

அந்நிலையில் அறிவியல் மக்கள் பக்கம் நின்ற சந்தர்ப்பங்களும் உண்டு. 1848இல் அமெரிக்கக் காங்கிரஸ், இறக்குமதியாகும் மருந்துகளைத் துறைமுகத்திலேயே பரிசோதிக்கவேண்டும் என்று சட்டம் இயற்றிற்று. பிற நாடுகள் கழித்துவிட்ட பழுதான சரக்குகள் அமெரிக்கச் சந்தையிலே வந்து குவிவதாக எழுந்த முறைப்பாடுகளே அதற்குக் காரணம். இங்கிலாந்திலே 1850களின் தொடக்கத்தில் டொக்டர் ஹசல், நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு உணவிலும் மருந்திலும் கலந்திருந்த கலப்படங்களைக் கண்டறிந்தார். அவற்றை விற்றோரின் பெயர்களோடு 'லான்செற்' இதழ் வெளியிட்டது. வணிகரின் எதிர்ப்புக்கிடையே 1860, 1872, 1875ஆம் ஆண்டுகளிலே அடுத்தடுத்துச் சட்டங்கள் பிறந்தன. கியாக்தாவின் துளைக்கும் ஹசலின் நுணுக்குக்காட்டிக்கும் உள்ள வேறுபாடு கருவியின் வேறுபாடு மட்டுமன்று. முன்னது விற்பவனின் பெட்டியைக் காத்தது. பின்னது வாங்குபவனின் வயிற்றைக் காக்க முற்பட்டது.

20ஆம் நூற்றாண்டிலே பழைய குழப்பத்தைத் தீர்க்கும் எளிய முறையொன்றும் கிடைத்தது. 'ரா பொந்திக்கம்' வேரிலே ரபொந்திசின் என்னும் பொருள் உண்டு. புறஊதாக் கதிரின்கீழ் அது நீலமாக ஒளிரும். மெய்யான வேர் அவ்வாறு ஒளிர்வதில்லை. தியோஸ்கொரிதீஸ் காலந்தொட்டு ஒரே பெட்டியிலே கிடந்த இரண்டு வேர்களையும் ஒரு விளக்கு பிரித்துக் காட்டிற்று. இன்றோ நிறப்பகுப்பு முறைகளும், செடியின் மரபணுவையே வாசித்து இனங்காணும் முறையும் நம்மிடம் உள்ளன. அறிவு இல்லை என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

பிரசெல்ஸ் தரும் எச்சரிக்கை

அறிவு இருந்தும் கேள்வி கேட்கப்படாவிடில் யாது நேரும் என்பதற்கு, அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்றைக் காட்டலாம். பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்ஸிலே, உடல் மெலிவதற்காக ஒரு சிகிச்சை நிலையத்தை நாடிய பெண்களுக்கு, 1990 முதல் சீன வேரொன்றின் தூள் சேர்ந்த குளிகைகள் கொடுக்கப்பட்டன. 1992இல் அவர்களிற் சிலர் சிறுநீரகங்கள் விரைவாகச் செயலிழந்த நிலையில் மருத்துவமனைகளை அடைந்தனர். 1993இல் வன்ஹெர்வேகெம் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதனை 'லான்செற்' இதழில் அறிவித்தனர். ஈற்றிலே பாதிக்கப்பட்டோர் தொகை நூறைக் கடந்தது. பலர் மாற்றுச் சிறுநீரகம் பெற நேர்ந்தது. பின்னர், சிறுநீர்ப் பாதையிலே புற்றுநோயும் தோன்றிற்று. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றின்படி, முற்காப்பாக அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்ட 39 பேரிலே 18 பேரிடம் புற்றுநோய் காணப்பட்டது.

நேர்ந்த தவறு ஒரு பெயரிலே இருந்தது. எழுதிக் கொடுக்கப்பட்ட வேர் 'ஹான் ஃபாங்ஜி'. அது ஸ்ரெபானியா என்னும் கொடியினுடையது. வந்து சேர்ந்ததோ 'குவாங் ஃபாங்ஜி'. அது அரிஸ்டோலோக்கியா என்னும் வேறொரு கொடியினுடையது. சந்தையிலே இரண்டுக்கும் 'ஃபாங்ஜி' என்ற பொதுப்பெயரே வழங்கிற்று. 1994இல் வெளியான சோதனையிலே, அப்பெயரால் விற்கப்பட்ட தூள்களிற் பெரும்பாலானவற்றில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தமை தெரியவந்தது. சிறுநீரகத்தை அழிப்பது அதுவே. 2004இல் சீன அரசு அவ்வேரை மருந்துப் பயன்பாட்டிலிருந்து நீக்கிற்று.

கியாக்தாவிலே பரிசோதகர் இருந்தார். செடியைப் பற்றிய அறிவு இல்லை. பிரசெல்ஸிலே செடியைப் பற்றிய அறிவு நூல்நிலையங்களில் நிறைந்திருந்தது. பெட்டியைத் திறந்து பார்க்கப் பரிசோதகர் இல்லை. இறக்குமதி செய்தவரும், பொடித்தவரும், குளிகையாக்கியவரும், எழுதிக் கொடுத்தவரும் பெயர்ச்சீட்டையே நம்பினர். ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவர் பார்த்திருப்பார் என்று எண்ணினர். ஒருவரும் பார்க்கவில்லை. இதனை ஒரு நாட்டு மருத்துவ மரபின் குற்றம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. அது சரியன்று. தன் மண்ணிலே, தன் மருத்துவனின் கையிலே, தன் செடியோடு பிணைந்திருந்த அறிவு, அந்தப் பிணைப்பெல்லாம் அறுக்கப்பட்டு, வெறும் தூளாகவும் சொல்லாகவும் சந்தையிலே விடப்பட்டபோது நேர்ந்த விபத்து இது.

இது தொலைதூரத்துக் கதை என்று நாம் அமைதி அடைவதற்கில்லை. அரிஸ்டோலோக்கியாக் குலத்தைச் சேர்ந்த ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் நம்முடைய மருத்துவ ஏடுகளிலும் இடம்பெற்றவை. இலங்கையின் சித்த, ஆயுர்வேத மருத்துவர் பயன்படுத்தும் உலர்ந்த சரக்குகளில் கணிசமான பகுதி கடல்கடந்தே வருகின்றது. நன்னாரி என்ற பெயரால் மாகாளிக் கிழங்கின் வேர் சந்தைக்கு வருவதை இந்திய ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். 1961இல் இயற்றப்பட்ட ஆயுர்வேதச் சட்டம் இலங்கையில் நாட்டு மருத்துவத்துக்கு உரிய இடத்தை அளித்தது. மருத்துவனுக்கு இடம் கிடைத்தால் மட்டும் போதாது. அவன் கையாளும் வேருக்குப் பிறப்புச் சான்றும் வேண்டும்.

அச்சான்று எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை இவ்வரலாறே நமக்குக் கற்பிக்கின்றது. சரக்கின் வணிகப் பெயரோடு செடியின் தாவரவியற் பெயரும், தோண்டப்பட்ட இடமும் காலமும் எழுதப்படல் வேண்டும். தூளாவதற்கு முன் வேரை முழுமையாகப் பார்த்தவர் யாரென்று தெரிதல் வேண்டும். பரிசோதனை, விற்பவனின் செலவுக் கணக்கிலே தங்கியிராத பொதுப்பணியாக நடைபெறல் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, செடியைக் காட்டிலே அறிந்தவர்களின் சொல்லுக்கு ஆய்வுகூடத்திலே ஆசனம் கிடைத்தல் வேண்டும். கான்சு மலைகளிலே காட்டு இரேவற்சின்னி இன்று அருகி வருகின்றது. தோண்டியவர் சொல்லைக் கேளாமல் தோண்டச் சொன்னவர் சொல்லையே கேட்டமையின் விளைவுகளுள் இதுவும் ஒன்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிலே செய்யத்தக்கது சிறிதன்று. தாவரவியல் வகுப்பிலே இலத்தீன் பெயர்களை மனனம் செய்யும் மாணவனுக்குத் தன் வேலியோரத்துச் செடியின் ஊர்ப்பெயர் தெரிவதில்லை. தமிழ் வகுப்பிலே மூலிகைகளின் பெயர்களைப் படிக்கும் மாணவன் அச்செடிகளுள் ஒன்றையேனும் பிடுங்கி வேரைப் பார்த்ததில்லை. இவ்விரு வகுப்புகளுக்கும் இடையே நிற்கும் சுவரிலேதான் போலிச் சரக்கு சாய்ந்து நிற்கின்றது. ஊர்ப்பெயரையும் நூற்பெயரையும் ஒரே செடியின்மீது பொருத்தி எழுதி வைக்கும் சிறு பணியை ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றாடலிலே தொடங்கலாம். அதற்குப் பெரும் பணமோ அரிய கருவியோ வேண்டியதில்லை; செடியை அறிந்த முதியவர் ஒருவரும், அவர் சொல்வதைப் பணிவோடு கேட்டு எழுதும் மாணவர் சிலரும் போதும். கியாக்தாவின் பெருநிலையம் நூறாண்டுக்கு மேலாகச் செய்யத் தவறியது அந்த ஒரு வேலையையே.